நமியே உட்கார்ந்த சனிக்கிழமை

என் பூக்கடையை ஒட்டினாற்போல் இப்போது ஒரு முடிதிருத்தும் நிலையம் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, உள்ளே நாள் முழுக்க ஹேர் டிரையர் சத்தம். அங்கே வேலை செய்கிற பெண்கள் நல்ல பெண்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலை பதினோரு மணி ஆனால் என் மூக்கு இன்னமும் எதையோ தேடுகிறது. முன்பெல்லாம் அந்த நேரத்தில்தான் பக்கத்தில் வெந்த சோற்றில் வினிகரை ஊற்றிக் கிளறுவார்கள். அந்தப் புளித்த ஆவி சுவர் தாண்டி வந்து என் செவ்வந்தி வாளிகளுக்கு நடுவே நிற்கும். எனக்குப் பசி எடுத்துவிடும்.

அங்கே தொகாஷியின் சுஷிக் கடை இருந்தது. மொத்தமே எட்டு நாற்காலி. ஒரே ஒரு நீளமான மரப் பலகை, அதற்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் சாப்பிடுகிறவர்கள். இன்னது வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. சோற்றைச் சிறு உருண்டையாக்கி, மேலே பச்சை மீன் துண்டு வைத்து, அவர் ஒவ்வொன்றாகப் பிடித்து வைப்பார், வைத்ததைச் சாப்பிட வேண்டும். அதற்கே டோக்கியோவிலிருந்து ரயிலேறி வருவார்கள், மூன்று மாதம் முன்னாலேயே இடம் சொல்லி வைப்பார்கள். அந்த மனிதரைப் பற்றி ஊரே பேசியாகிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் படமும் பிடித்துப் போட்டாகிவிட்டது. அந்தப் படங்களில் ஓரமாக, பாதித் தோள் மட்டும் தெரிகிற மாதிரி ஒருத்தி நிற்பாள். அவர் மனைவி நமியே. நான் சொல்ல வந்தது அவளைப் பற்றித்தான்.

நமியே ஹிமி கடற்கரைக்காரி. பத்தொன்பது வயதில் இங்கே கனாசாவாவுக்கு வந்து ஒரு பெரிய அங்காடியில் லிஃப்டில் நிற்கிற வேலையில் சேர்ந்தாள். தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக, "எட்டாவது மாடி, உணவகங்கள்" என்று ஒரு நாளைக்கு இருநூறு தரம் பாடுவாள். அந்த எட்டாவது மாடியில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு நிலவறையில்.

அந்த மாடியில் ஒரு சுஷிக் கடையில்தான் தொகாஷி அப்போது கையாளாக இருந்தார். ஒரு நாள் தண்ணீர் சொட்டச் சொட்ட மீன் பெட்டியோடு இவளுடைய லிஃப்டுக்குள் நுழைந்துவிட்டார்.

"தம்பி, இது மனுஷங்க போற லிஃப்ட். மீனுக்குப் பின்பக்கம் வழி இருக்கு" என்றாளாம் இவள்.

"அது ரிப்பேருங்க. மீனுக்கு நேரமாச்சு."

"அப்ப மீன் போகட்டும். நீங்க படியில வாங்க."

அவர் மறுபேச்சுப் பேசாமல் பெட்டியை அவள் காலடியில் வைத்துவிட்டு, எட்டு மாடியும் ஓடிப் போய், மேலே கதவு திறக்கும்போது மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாராம். "அந்த ஓட்டத்துலயே விழுந்துட்டேன்டி" என்பாள். எத்தனை முறை சொன்னாலும் அந்த இடத்தில் அவளுக்குக் கன்னம் சிவக்கும்.

கல்யாணமாகி அவர்கள் எங்கள் தெருவில் கடை போட்டபோது நான் மரியாதைக்கு ஒரு கட்டு வெள்ளை லில்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். தொகாஷி வாசலிலேயே நிறுத்திவிட்டார். "மன்னிக்கணும் பூக்காரம்மா. மணம் வர்ற பூ கடைக்குள்ள ஆகாது. மீன் கெட்டுப்போகும்." எனக்கு வந்ததே கோபம்! என் பூ பட்டு உன் மீன் கெடுமா? பூக்கட்டை வாசலிலேயே போட்டுவிட்டு வந்தவள், பதினைந்து நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பதினாறாம் நாள் நமியே பின்வாசல் வழியாக ஒரு கிண்ணம் மீன்முள் சூப்போடு வந்தாள்.

"உன் லில்லியை எங்க மாடி ரூம்லதான் வெச்சிருந்தேன்டி. வாடற வரைக்கும் வீடு பூரா மணந்துச்சு. அவருக்கு மூக்கு மட்டும்தான் இருக்கு, கண்ணு எனக்குத்தான்" என்றாள்.

அன்றிலிருந்து சிநேகிதம். வாரா வாரம் சனிக்கிழமை, மணமே இல்லாத ஏதாவது ஒரு பூவை, குளிர்காலமென்றால் ஒற்றைக் கமேலியாவை, நானே போய் அந்தக் கடையின் சுவரோர ஜாடியில் வைத்துவிட்டு வருவேன்.

கடையில் நமியேவுக்கு வேலை நிற்பது. சூடான ஈரத் துண்டு கொடுப்பாள், டீ ஊற்றுவாள், வாசனைத் திரவியம் பூசி வந்த சீமாட்டிகளை நோகாமல் ஓரத்து நாற்காலிக்கு நகர்த்துவாள். அவர் வேலை செய்யும்போது வாய் திறக்க மாட்டார். அதனால் மீனைப் பற்றிச் சொல்வதும் இவள்தான். "முதல்ல நாக்குல எண்ணெய் மாதிரி படருங்க. அப்புறம் கடைசியில லேசா ஒரு இனிப்பு வரும், பாருங்களேன்" என்பாள். கேட்கிறவனுக்கு எச்சில் ஊறிவிடும். இவள் தினமும் தின்று கொழுக்கிறாள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷம் கழித்து ஏதோ பேச்சில் கேட்டேன்.

"நான் எங்கடி சாப்பிட்டேன்? வந்தவங்க வாயால சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தான் சொல்றேன்" என்றாள்.

"மாஸ்டர் கையால பிடிச்சது ஒண்ணு கூடவா இல்ல?"

"ஒண்ணு கூட இல்ல. கணவாய்க் கால் வேகவெச்சுத் திம்பேன். மிஞ்சின சோறு திம்பேன். அடுப்படியில நின்னுக்கிட்டே."

முதல் வருஷத்தில் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள், நானும் ஒரு நாள் இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடட்டுமா என்று. அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "நீ உக்காந்தா யார் நிப்பா?" என்றாராம். திட்டவில்லை, எரிந்து விழவில்லை. உண்மையாகவே யார் நிற்பார் என்றுதான் கேட்டார். அதோடு விட்டுவிட்டாள்.

"உன் வீட்டுக்காரரா இருக்கறதால சும்மா விடறேன். என் புருஷனா இருந்திருந்தா நடக்கிற கதையே வேற" என்றேன்.

"உன் புருஷன் பாவம்டி. அதான் சீக்கிரமே தப்பிச்சுப் போயிட்டாரு" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்தால் யாருக்கும் வந்துவிடும்.

ஆறு வருஷம் முன்பு, நவம்பர் கடைசி. எங்கள் ஊரில் அந்தச் சமயம் வெறும் குளிர் வானத்தில் இடி உருளும். புரி மீன் கொழுத்துக் கரைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் தண்டோரா. கடைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அப்படிப்பட்ட ஒரு புதன்கிழமை காலையில் நமியே என் கடைக்கு வந்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். தாடைக்கு அடியில் ஒரு கட்டி இருப்பதும், திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஏழு வாரம் கதிர்வீச்சு வைத்துக்கொள்ளப் போவதும் எனக்குத் தெரியும். புதிதாக என்ன?

"நாக்கு செத்துப்போயிடுமாம்டி. ரெண்டு வாரத்துல ஒரு ருசியும் தெரியாதாம். சில பேருக்குத் திரும்ப வருமாம், சில பேருக்கு வரவே வராதாம். எனக்கு வைக்கிற இடம் அப்படியாம், நம்பாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றாள்.

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அவர்கிட்ட இதைச் சொல்லல. புரி சீசன். கை நடுங்கிடும் அவருக்கு." பிறகு, "ஒரே ஒரு தடவை உக்காந்து சாப்பிட்டிருக்கலாம்டி. முப்பத்தொரு வருஷமா ஊருக்கெல்லாம் ருசி சொல்லிட்டு, என்னன்னே தெரியாம போறேன் பாரு" என்றாள்.

"போய்க் கேளேன்! வாய் என்ன வாடகைக்கா விட்டிருக்க?"

"கேக்க மாட்டேன். கேட்டு வாங்கித் திங்கறது ஒரு ருசியா?"

அவள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. சனிக்கிழமை மத்தியானம்தான் அவள் கடையில் நிற்கப் போகும் கடைசி வேளை. அதற்கு எட்டு நாற்காலியும் எப்போதோ நிரம்பிவிட்டது. மூன்றாவது நாற்காலி பல் டாக்டர் கைதானிக்கு என்று அவளே முன்பு சொல்லியிருந்தாள். நேரே அவருடைய மருத்துவமனைக்குப் போய், வலிக்காத பல்லோடு ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

"அந்த இடத்தையா கேக்கறீங்க? ஆகஸ்ட்லயே சொல்லி வெச்சதும்மா. என் பல்லு எல்லாத்தையும் கேளுங்க, பிடுங்கித் தந்துடறேன்" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். முகமூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நான் வரலேன்னு மட்டும் முன்கூட்டிச் சொல்லிடாதீங்க. சொன்னா மாஸ்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டு உக்கார வெச்சுடுவார்" என்றார். மகராசன், நன்றாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கமேலியாவோடு போனேன். பூவை வைத்த பிறகும் கிளம்பாமல் சுவரோரம் நின்றுகொண்டேன். ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒசாகாவிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, ரொம்ப நாளாய் வருகிற ஒரு வயதான நீதிபதி, மற்றவர்கள் புதுசு. எட்டுப் பேருக்கும் ஒரே சமயத்தில் ஆரம்பிப்பதுதான் தொகாஷியின் வழக்கம். சோறு உடம்புச் சூட்டில் இருக்கும்போது பிடிக்க வேண்டும். ஒருவர் வராவிட்டால் மற்ற ஏழு பேருக்கும் சோறு ஆறிப்போகும். மணி அடித்து ஐந்து நிமிஷம் ஆயிற்று. அவர் சோற்றுத் தொட்டியின் மூடியைத் தொட்டுப் பார்த்தார்.

"டாக்டர் லேட்டா வர்ற ஆள் இல்லையே. நமியே, போன் போட்டுப் பாரு."

"போட வேணாம் மாஸ்டர். டாக்டர் வரமாட்டார். தன் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டார்" என்றேன்.

"யாருக்கு?"

"உங்க பக்கத்துல டீ கெட்டிலோட நிக்கிறாளே, அவளுக்கு."

நமியேயின் முகத்தில் ரத்தமே இல்லை. "என்னடி இது கூத்து! வெளிய போ முதல்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"பூக்காரம்மா, இது வேலை நேரம்" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. அந்த அமைதிதான் எனக்கு ஆகாது.

"வேலை நேரம்தான்! முப்பத்தொரு வருஷமா வேலை நேரம்தான்! திங்கக்கிழமை இவ நாக்கைப் பொசுக்கப் போறாங்க, தெரியுமா உங்களுக்கு? அப்புறம் உப்பும் தெரியாது, புளிப்பும் தெரியாது. உங்க கையால ஒண்ணு வாங்கித் தின்னதில்ல இவ. ஊரான் ஊரானுக்கெல்லாம் பிடிச்சுப் பிடிச்சு வைக்கிறீங்களே, கட்டினவளுக்கு ஒண்ணு வைக்கத் தோணலையா?"

ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தொகாஷி மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நெசமா?"

"டாக்டர் அப்படித்தான் சொல்றார்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"புரி சீசன்" என்றாள் அவள், அது போதும் என்பதுபோல.

அவர் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவின கையை மறுபடி கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு ஆவி பறக்கும் ஈரத் துண்டு ஒன்றைத் தானே பிழிந்து, மடித்து, மூன்றாவது நாற்காலிக்கு முன்னால் வைத்தார். "வாங்கம்மா. உட்காருங்க" என்று, வாசலில் வரும் வாடிக்கைக்காரருக்குச் சொல்கிற அதே குரலில் தலை தாழ்த்தி மனைவிக்குச் சொன்னார்.

"அய்யோ, அப்ப யாரு நிக்கிறது?" என்றாள் நமியே.

"நான் நிக்கிறேன்" என்று கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இந்தம்மா ஊத்தினா மேல கொட்டிடும். நாங்களே ஊத்திக்கிறோம். நீங்க உக்காருங்கம்மா, சோறு ஆறுது" என்றார் நீதிபதி.

சோறு ஆறுகிறது என்ற சொல்தான் அவளை அசைத்தது. மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பலகையைச் சுற்றி வந்து, பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

முதலில் வெள்ளை மீன். எட்டுப் பேருக்கும் வரிசையாகப் பிடித்து வைத்தார். அவர் எதையும் நேராக வைக்க மாட்டார்; எடுக்கிறவர் விரலுக்கு வாகாகக் கொஞ்சம் சாய்த்து வைப்பார். வலது கைக்காரருக்கு ஒரு சாய்வு, இடது கைக்காரருக்கு எதிர்ச்சாய்வு. வந்தவர் டீக்கோப்பையை முதல் தடவை எடுக்கும்போதே எந்தக் கை என்று பார்த்து வைத்துக்கொள்வார். அன்று நமியே டீயைத் தொடவில்லை. எல்லாருக்கும் வைக்கிற வலது சாய்விலேயே அவளுக்கும் வைத்தார்.

அவளுடைய இடது கை மேலே வந்தது. பலகையின் விளிம்பு வரை வந்து நின்றது. சட்டென்று அதை மடிக்கு இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினாள். அது அந்தச் சின்னச் சோற்றுருண்டையைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறியது. மீன் ஒரு பக்கம் நழுவியது.

"இடது கையா நீ?" என்றார் அவர்.

"சின்ன வயசுல அம்மா அடிச்சு மாத்திட்டாங்க. எழுதறது, சாப்பாட்டுக் குச்சி பிடிக்கிறது எல்லாம் வலதுதான். வெறுங்கையால எடுத்துத் திங்கறப்ப மட்டும்..." அவள் காது வரை சிவந்துவிட்டாள்.

"முப்பத்தொரு வருஷமா எனக்குத் தெரியலையே!"

"நீங்க பாக்கற இடத்துல நான் எப்பங்க கையால சாப்பிட்டேன்?"

புகாராகச் சொல்லவில்லை அவள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஒசாகாக்காரி கைக்குட்டையை எடுத்துவிட்டாள். இத்தனை நாள் சிநேகிதியாக இருந்து எனக்கு மட்டும் என்ன தெரிந்தது? எனக்கும்தான் தெரியாது.

தொகாஷி அந்தச் சோற்றுருண்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "தப்பு என்னோடது" என்று தலை வணங்கினார். புதிதாக ஒன்று பிடித்து, பலகையில் எதிர்ச்சாய்வில் வைத்தார். அவள் இடது கையால் எடுத்தாள். விரலுக்கும் சோற்றுக்கும் நடுவே ஒரு தயக்கமும் இல்லை. வாயில் போட்டாள். அவள் மென்று விழுங்குகிற வரை அவர் அடுத்த மீனைத் தொடவே இல்லை.

அதன் பிறகு கணவாய், இறால், அயிலை என்று ஒவ்வொன்றாக வந்தது. மற்ற ஏழு பேரும் தங்கள் தட்டைப் பார்த்ததைவிட அவளைத்தான் அதிகம் பார்த்தார்கள். நான் ஒசாகாக்காரர் முழங்காலில் டீயைக் கொட்டினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. புரி வந்தபோது நமியே கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் திறக்கவில்லை. திறந்ததும் நீதிபதியைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"ஐயா, இத்தனை வருஷமா உங்களுக்கெல்லாம் தப்பாச் சொல்லிட்டேன். கடைசியில இனிப்பு வரும்னு சொல்வேன்ல? கடைசியில இல்ல. வாயில வெச்ச உடனே இனிக்குது."

"எனக்கு எப்பவும் கடைசியிலதாம்மா இனிச்சிருக்கு. நீங்க சொன்னதை நம்பி நான் முதல்ல தேடவே இல்ல" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். தொகாஷி சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடி போய்க் கையைக் கழுவினார்.

டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது. கிறிஸ்துமஸுக்குள் அவளுக்கு எல்லாம் ஈரக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. உயிர் பிழைத்தாள், கட்டி கரைந்தது, ருசி மட்டும் திரும்பவில்லை. மார்ச்சில் கடைக்கு வந்தாள், பத்துக் கிலோ இளைத்து, கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு. டீ ஊற்ற ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்கு ஏழு பேருக்கு மேல் தொகாஷி இடம் கொடுப்பதில்லை என்று ஊரில் பேச்சு வந்தது. மூன்றாவது நாற்காலி அவளுக்கு. பிறகு அவருக்கு இடுப்பு தேய்ந்து, கடையை மூடிவிட்டு இருவருமாக ஹிமிக்குப் போகும் வரை, மூன்று வருஷம், ஒரு சனிக்கிழமை கூடத் தவறவில்லை.

எனக்கு அது புரியவே இல்லை. ஏப்ரலில் ஒரு நாள், பூ வைக்கப் போனபோது, கடை திறக்குமுன் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, உண்மையைச் சொல்லு. ஏதாவது தெரியுதா உனக்கு?"

"ஒண்ணும் தெரியல. சூடு தெரியுது, ஜில்லுனு இருந்தா தெரியுது. அவ்வளவுதான்."

"அவருக்காக ருசிக்கிற மாதிரி நடிக்கிறியா?"

"நடிக்கல. அவருக்கும் தெரியும். முதல் நாளே சொல்லிட்டேன்."

"அப்புறம் எதுக்குடி அங்க உக்காந்து வெறும் வாயை மெல்லுற?"

நமியே கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். அவர் சோற்றுத் தொட்டியை விசிறிக்கொண்டிருந்தார். அவள் கன்னம் சிவந்தது.

"அவர் என்னைப் பாக்கறார்டி" என்றாள். "ஒவ்வொண்ணா வெச்சிட்டு, நான் முழுங்கற வரைக்கும் என்னையே பாக்கறார்."